கடல்மேல் பறக்கும் கலம்: கப்பற்படை விமானங்களின் கட்டமைப்பும் பொருள்களும்

முன்னுரை

காலாப்பட்டுக் கடற்கரையை ஒட்டி வாழ்வோர் அனைவரும் பட்டறிவால் உணர்ந்த உண்மை ஒன்று உண்டு. கடற்காற்றுப் படும் இடத்தில் இரும்பு நிலைப்பதில்லை. சன்னல் கம்பி செதில் செதிலாக உதிர்கிறது. கதவின் கீல் இறுகிப் போகிறது. புதிதாக வாங்கிய மிதிவண்டியின் சங்கிலி ஒரு மழைக்காலம் கழிவதற்குள் செம்மண் நிறம் கொள்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே குடியிருப்போரும் மேற்கே குடியிருப்போரும் இதில் வேறுபாடு காண்பர். கடலை நெருங்க நெருங்கக் காற்றில் உப்பு மிகுகிறது என்பதே அதன் காரணம்.

கரையில் நிற்கும் வீட்டின் கம்பியே இப்பாடு படுமாயின், நடுக்கடலில் கப்பலின் மேல்தளத்தில் இரவும் பகலும் நிற்கும் போர் விமானம் என்ன பாடு படும்? அவ்விமானம் வெறுமனே நிற்பதும் இல்லை. குறுகிய தளத்திலிருந்து எழுகிறது. திரும்பி வந்து அத்தளத்தின்மீதே மோதுவது போல் இறங்குகிறது. உப்பும் மோதலும் ஒருங்கே தாக்கும்போது உடையாமல் நிற்கும் உடலை எவ்வாறு ஆக்குவது என்பது, அறிவியலார் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஆராய்ந்துவரும் வினாவாகும். அவ்வாய்வின் அடிப்படைகளையும், அத்துறையில் நம் நாடு நடந்துவந்த வழியையும், அவ்வழி நமக்குக் கற்பித்த பாடத்தையும் இக்கட்டுரையில் நாம் காண்போம்.

தைத்த மரக்கலம் காட்டும் நெறி

இவ்வினா நம் கரைக்குப் புதியதன்று. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இயற்கைத் துறைமுகம் அமையவில்லை. ஆகவே முற்காலத்தில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே பொங்கும் அலைகளைக் கடந்து மக்களையும் பொருள்களையும் ஏற்றி இறக்கியவை ‘சலங்கு’ எனப்பட்ட படகுகள். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர் இச்சொல்லையே திரித்துத் தம் மொழியில் வழங்கினர். ஆங்கிலேயர் அப்படகை ‘மசூலா’ என்றனர்.

அப்படகின் பலகைகள் இரும்பாணியால் இணைக்கப்படவில்லை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, கயிற்றால் தைத்தே அவற்றை இணைத்தனர். ஆணி அறைந்த ஐரோப்பியப் படகு அலையில் தூக்கி எறியப்பட்டு மணலில் மோதியபோது பிளந்தது. தைத்த சலங்கோ வளைந்து கொடுத்துப் பிழைத்தது. துருப்பிடிக்க அதில் இரும்பும் இல்லை. பலர் கூடிக் கரையேற்ற முடியாத எடையும் இல்லை.

இதனைக் கட்டியோர் எந்த ஆய்வுக்கூடத்திலும் பயின்றவரல்லர். எனினும் மூன்று நெறிகளை அவர்கள் கைக்கொண்டனர். மோதலை எதிர்த்து நிற்பதைவிட ஏற்றுத் தணிப்பது நன்று. உப்பு தின்னும் பொருளை உப்புக்கு இரையாக வைக்கலாகாது. உறுதிக்காக எடையைப் பெருக்கலாகாது. இன்றைய கப்பற்படை விமான ஆய்வு முழுவதும் இம்மூன்று நெறிகளின் விரிவே எனலாம்.

இறக்கமா, மோதலா?

முதலில் மோதலைக் கருதுவோம். தரையில் இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுதளத்தில் விமானம் இறங்கும்போது, விமானி கடைசி நொடிகளில் முன்பகுதியைச் சற்றே உயர்த்தி மெதுவாகத் தரையைத் தொடச் செய்கிறார். கப்பலில் அதற்கு இடமில்லை. கொச்சியில் கட்டப்பெற்று 2022 செப்டம்பர் 2ஆம் நாள் கடற்படையில் சேர்க்கப்பட்ட புதிய ஐ.என்.எஸ். விக்ராந்தின் மொத்த நீளமே 262 மீட்டர்தான். இறங்குவதற்கு அதிலும் ஒரு பகுதியே கிடைக்கும். தளத்தின் குறுக்கே கட்டப்பட்டுள்ள எஃகு வடங்களுள் ஒன்றை விமானத்தின் வாலடியிலுள்ள கொக்கி பற்றியாக வேண்டும். ஆகவே விமானி மென்மையை நாடுவதில்லை. ஒரே சாய்வில் நேரே வந்து தளத்தில் மோதுகிறார். கொக்கி தவறினால் மீண்டும் எழவேண்டுமே என்பதற்காக, சக்கரம் தளத்தைத் தொட்ட கணத்தில் எந்திரத்தின் முழு விசையையும் திறக்கிறார்.

தரையில் இறங்கும் விமானத்தின் சக்கரக்கால்கள், கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வரை தாங்குமாறு அமைக்கப்படுவது வழக்கம். கப்பல்தள விமானத்திற்கோ 6 முதல் 7 மீட்டர் வரை தாங்கும் திறன் வேண்டும். வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது நாம் பள்ளியில் படித்த இயற்பியல். நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் மோதுவது, விமானத்தை இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து அப்படியே கீழே போடுவதற்கு ஒப்பாகும்.

அடுத்து, வடம் இழுக்கும் இழுப்பு. நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் வரும் விமானம் 90 மீட்டருக்குள் நிற்கிறது என்று கொள்வோம். கணக்கிட்டால் மூன்றே நொடிகளில் அது அசைவற்று நிற்கவேண்டும். அப்போது அதன்மீது செயற்படும் சராசரி விசை அதன் எடையைப் போல் இருமடங்கு. பத்து டன் விமானமாயின் இருபது டன் இழுப்பு. அவ்வளவும் ஒரே கொக்கியின் வழியாக விமானத்தின் முதுகெலும்பு போன்ற சட்டத்தில் இறங்குகிறது. புறப்படும்போது கப்பலின் முனையிலுள்ள வளைந்த மேடு விமானத்தை மேல்நோக்கித் தூக்கி எறிய, முன்சக்கரக்கால் வேறொரு சுமையை ஏற்கிறது.

இவற்றைத் தாங்குவதற்குச் சட்டத்தைத் தடிப்பாக்கினால் போதுமே எனத் தோன்றலாம். தடித்தால் எடை கூடும். எடை கூடினால் பறந்து நிற்க மிகுந்த வேகம் வேண்டும். வேகம் மிகுந்தால் மோதலும் மிகும். மோதல் மிகுந்தால் மீண்டும் தடிப்பாக்க வேண்டும். இச்சுழலில் சிக்கிய விமானம் இறுதியில் எரிபொருளையோ படைக்கலத்தையோ குறைத்துக்கொண்டு பறக்க நேரும். ஆகவேதான் ‘குறைந்த எடையில் மிகுந்த உறுதி’ என்பது இத்துறையின் உயிர்நாடி ஆயிற்று.

அலுமினியமும் அரிமானமும்

1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெட் வில்ம், அலுமினியத்துடன் சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்து சூடாக்கிக் குளிர்வித்து வைத்தால், நாள் செல்லச்செல்ல அது தானே உறுதி பெறுவதைக் கண்டார். ‘டியூராலுமின்’ எனப்பட்ட அக்கலவையே பின்னாளில் விமானத்தின் உடலாயிற்று. எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 7.8, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. மூன்றில் ஒரு பங்கு எடையில் தகுந்த உறுதி கிடைத்தது.

தூய அலுமினியம் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்திக்கொள்கிறது. அப்படலமே அதன் கவசம். ஆயின் கடலுப்பிலுள்ள குளோரைடு அக்கவசத்தில் ஆங்காங்கே நுண்ணிய துளையிடுகிறது. செம்பு கலந்த உறுதிமிக்க கலவைகளில் இத்தாக்குதல் மேலும் விரைவாக நடைபெறும். வெளியே ஊசிமுனையளவு வெண்புள்ளிதான் தெரியும். உள்ளே உலோகத்தின் மணிகளுக்கிடையே அரிமானம் பரவி, பழைய சுவரின் காரை போலப் படலம் படலமாக உரியும். இதனைத் தடுக்க, உறுதியான கலவைத் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிதாகப் பொதிகின்றனர். அதன்மேல் வேதிப்பூச்சும் வண்ணமும் இடுகின்றனர். கடல்மேல் பறந்து திரும்பும் விமானத்தை நன்னீரால் கழுவுவதும் நாள்தோறும் நடைபெறும் பணியாகும்.

நம் அரக்கோணத்தில் 1992ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்துள்ளது. அங்கிருந்து முன்னர்ப் பறந்த டியூ-142 விமானங்களும் சரி, இன்று பறக்கும் பி-8ஐ விமானங்களும் சரி, பணியாற்றும் இடம் உப்புக்காற்றே. தளம் உள்நாட்டில் இருந்தாலும் கடலின் தாக்குதலிலிருந்து அவற்றுக்கு விடுதலை இல்லை.

எஃகுக்கும் இக்களத்தில் இடமுண்டு. சக்கரக்காலும் கொக்கியும் மிகு உறுதி கொண்ட எஃகினாலேயே ஆகின்றன. எஃகின் உறுதி ஏற ஏற அதன் நொறுங்கும் இயல்பும் ஏறுகிறது. துருப்பிடிக்கும்போதும் முலாம் பூசும்போதும் தோன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகினுள் புகுந்து, முன்னறிவிப்பின்றி அதை முறியச் செய்யும். நெடுங்காலம் காப்பாக இருந்த காட்மியம் முலாம் மனிதர்க்கு நச்சு என்பதால், அதற்கு மாற்றாக அலுமினியப் பூச்சும் துத்தநாக-நிக்கல் பூச்சும் இன்று இடம்பிடித்து வருகின்றன.

உலோகத்தின் அயர்ச்சி

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடிவதில்லை. பலமுறை இங்குமங்கும் வளைத்தால் ஒடிந்துவிடும். இதனையே உலோக அயர்ச்சி என்கிறோம். ஒவ்வொரு பயணமும் விமானத்தின் உடலுக்கு ஒரு வளைவு. அரிமானம் தோண்டிய நுண்குழி அயர்ச்சி வெடிப்புக்கு வாசலாகிறது. உப்பும் அயர்ச்சியும் தனித்தனியே செய்யும் கேட்டைவிட, சேர்ந்து செய்யும் கேடு பன்மடங்கு பெரிது.

1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனை உலகுக்கு உணர்த்தியது. அலோகா நிறுவனத்தின் போயிங் 737 பயணியர் விமானம், கடல் சூழ்ந்த அத்தீவுகளுக்கிடையே குறும்பயணங்களாக ஏறத்தாழ 90 ஆயிரம் முறை பறந்திருந்தது. தகடுகளை ஒட்டிய பசை உப்பீரத்தால் விட்டுப்போக, சுமை முழுவதும் தறையாணித் துளைகளில் விழுந்து, துளைக்குத் துளை வெடிப்பு ஓடியிருந்தது. அன்று நடுவானில் கூரையின் ஐந்தரை மீட்டர் நீளப் பகுதி பிய்த்துக்கொண்டு பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். எஞ்சிய 94 பேருடன் விமானி விமானத்தைத் தரையிறக்கினார். அது போர் விமானமன்று, கப்பலில் இறங்கியதுமன்று. இருப்பினும் கடற்காற்றில் பழுத்த விமானம் எவ்வாறு மூப்படைகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கூட்டுப்பொருளின் வருகை

இரும்பும் அலுமினியமும் உப்புக்கு இரையாகுமெனில், இரையாகாத பொருள் எது? விடை காலாப்பட்டு மீனவர்க்குத் தெரியும். பெரிய காலாப்பட்டு, சின்ன காலாப்பட்டு, பிள்ளைச்சாவடிக் கரைகளில் இன்று நிற்பவை பெரும்பாலும் ‘ஃபைபர் படகு’களே. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தை அவை விரைவாகப் பிடித்துக்கொண்டன. அச்சின்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, பிசினைத் தடவி, மீண்டும் பாய் விரித்துப் பிசின் தடவி அடுக்கடுக்காக ஆக்கப்படும் அப்படகு துருப்பிடிப்பதில்லை. இழை உறுதியைத் தருகிறது. பிசின் இழைகளைப் பிணைத்து வடிவம் தருகிறது. இருவேறு பொருள்கள் தம் இயல்பு மாறாமல் கூடித் தனித்தனியே இல்லாத ஆற்றலைப் பெறுவதால் இதற்குக் ‘கூட்டுப்பொருள்’ என்பது பொருத்தமான பெயர். மூங்கில் இயற்கை தந்த கூட்டுப்பொருள். வைக்கோல் கலந்த மண்சுவர் நம் முன்னோர் கண்ட கூட்டுப்பொருள்.

கண்ணாடி இழையின் இடத்தில் கார்பன் இழையை வைத்தால் விமானத்திற்குரிய பொருள் கிடைக்கிறது. 1960களில் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் நடைபெற்ற ஆய்வுகளால் உறுதிமிக்க கார்பன் இழை உருவாயிற்று. அதனால் ஆக்கப்படும் கூட்டுப்பொருளின் அடர்த்தி ஏறத்தாழ 1.6 மட்டுமே. மேலும் ஒரு நன்மை உண்டு. உலோகத்தின் உறுதி எத்திசையிலும் ஒன்றே. கூட்டுப்பொருளிலோ எத்திசையில் சுமை வருமோ அத்திசையில் இழையை மிகுதியாக அடுக்கலாம். பாய் முடைவோர் தேவைக்கேற்பக் கோரையை நெருக்கியும் நெகிழ்த்தியும் இடுவது போன்றது அது. அடுக்கிய இழைகளை உறையிலிட்டுக் காற்றை உறிஞ்சி, ‘ஆட்டோகிளேவ்’ என்னும் பெரிய அழுத்தச் சூளையில் வேகவைத்தால் இறக்கையின் மேற்றோல் ஒரே துண்டாக வெளிவரும்.

இப்பொருளை விமானத்தில் முற்பட ஏற்றவர்களுள் கடற்படையினர் முன்னிற்பது வியப்பன்று. எடையும் உப்பும் அவர்களையே மிகுதியாக வருத்தின. 1970ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முறை பறந்த அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 விமானத்தின் வாலிறக்கைக்குப் போரான் இழைக் கூட்டுப்பொருளால் தோல் போர்த்தனர். பின்னர் வந்த ஏ.வி.-8பி ஹாரியர் விமானத்தின் சட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடை கார்பன் கூட்டுப்பொருளாயிற்று.

கூடாத கூட்டு

கூட்டுப்பொருள் எல்லா நோய்க்கும் மருந்து எனக் கருதிவிடலாகாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கார்பன் தகடும் அலுமினியத் தகடும் தொட்டு நிற்க, இடையே உப்புநீர் புகுந்தால், அங்கே ஒரு மின்கலமே உருவாகிவிடும். அக்கலத்தில் கார்பன் அழிவதில்லை. அருகிலுள்ள அலுமினியம் கரைந்தழிகிறது. இதனைத் தடுக்க இரண்டுக்கும் நடுவே கண்ணாடி இழைப் படலம் ஒன்றை வைக்கின்றனர். அலுமினிய ஆணிகளை விலக்கி டைட்டானிய ஆணிகளை இடுகின்றனர். இணைப்புகளில் நீர் புகாத பசை பூசுகின்றனர். பொருளைத் தேர்வதைவிடப் பொருள்களை இணைப்பதே கடினம் என்பதை இது காட்டுகிறது.

பிசின் சிறிது சிறிதாக ஈரத்தை உறிஞ்சும். ஈரமும் வெப்பமும் சேரும்போது அது இளகும் வெப்பநிலை தாழ்கிறது. வெயிலில் கொதிக்கும் இந்தியப் பெருங்கடலின் கப்பல்தளத்திற்கு இஃது இன்றியமையாத கருத்தாகும். மற்றொன்று, மறைந்த காயம். கைதவறி விழுந்த கருவி உலோகத்தில் பள்ளம் ஏற்படுத்தும், கண்ணால் காணலாம். கூட்டுப்பொருளிலோ மேற்பரப்பு மாசற்றுத் தோன்ற, உள்ளே அடுக்குகள் பிரிந்து நிற்கும். ஆகவே செவிக்கெட்டாத ஒலியலைகளைச் செலுத்தி உள்ளே ஆராய்கின்றனர். நாணயத்தால் தட்டி ஓசையைக் கேட்டு ஐயுறும் எளிய முறையும் இன்றளவும் வழக்கில் உண்டு. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் தாய்மார்க்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை.

நம் நாடு நடந்த வழி

இந்தியக் கடற்படையின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்த் 1961ஆம் ஆண்டு பணியேற்று 1997இல் ஓய்வு பெற்றது. 1971ஆம் ஆண்டுப் போரில் அதன் தளத்திலிருந்து எழுந்த விமானங்களுள் ஆங்கில நாட்டின் ‘சீ ஹாக்’கும், பிரெஞ்சு நாட்டின் ‘அலிசே’யும் அடங்கும். பின்னர் ‘சீ ஹாரியர்’, அதன்பின் உருசியாவின் மிக்-29கே. பறந்தவை அனைத்தும் பிறர் ஆக்கியவை. வாங்கிய விமானத்தை ஓட்டலாம், பேணலாம். அதன் உடலில் ஏன் இந்த உலோகம், ஏன் இந்த இணைப்பு என்னும் அறிவு விலைக்குக் கிடைப்பதில்லை. அவ்வறிவைச் சொந்தமாக்கும் முயற்சியே ‘தேஜஸ்’ இலகு போர் விமானமும் அதன் கடற்படை வடிவமும்.

இம்முயற்சிக்கு முன்னரே நம் நாட்டில் கூட்டுப்பொருள் ஆய்வுக்கு வழிகோலியவர்களுள் இராமேசுவரம் தந்த அறிஞர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் ஒருவர். அவர்தம் தந்தையார் இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பயணியரை ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டியதையும், புயல் அதனை அழித்ததையும் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் அவர் பதிவு செய்துள்ளார். மரக்கலம் உருப்பெறுவதைச் சிறுவராகக் கண்டவர், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்று, விண்வெளித் துறையில் இழைக் கூட்டுப்பொருள்களில் ஈடுபாடு கொண்டார். 1989ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ஏவப்பெற்ற அக்னி ஏவுகணையின் முனை, வளிமண்டலத்தில் மீண்டும் நுழையும்போது எழும் கடும் வெப்பத்தைத் தாங்கியது கார்பன் இழையைக் கார்பனாலேயே பிணைத்த கூட்டுப்பொருளால்தான். அவ்வறிவைக் கொண்டே ஐதராபாத்தில் கால் ஊனமுற்ற சிறுவர்க்கு, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிக்கு மாற்றாகச் சில நூறு கிராம் எடையில் தாங்கி செய்து தரப்பட்டது. போருக்கெனக் கண்ட பொருள் குழந்தையின் காலுக்கும் உதவிற்று.

தேஜசை வடிவமைக்க 1984இல் பெங்களூரில் வானூர்தி மேம்பாட்டு முகமை அமைந்தது. தேசிய வானூர்தி ஆய்வகம் பல உறுப்புகளை ஒருங்கே அடுக்கி ஒரே சூட்டில் வேகவைத்து ஒன்றாக்கும் முறையை வளர்த்தது. 2001 சனவரி 4ஆம் நாள் முதன்முறை பறந்த தேஜசின் சட்டத்தில் எடையளவில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன் கூட்டுப்பொருளாகும். அதனால் உறுப்புகளின் எண்ணிக்கையும் ஆணிகளின் எண்ணிக்கையும் பெரிதும் குறைந்தன. ஆணி குறைந்தால் துளை குறையும்; துளை குறைந்தால் வெடிப்பு தொடங்கும் வாசல் குறையும். ஆணி தவிர்த்த சலங்கின் நெறி இங்கே வேறோர் உருவில் நிற்பதை நாம் காணலாம்.

தேஜஸ் கற்பித்த பாடம்

தரைப்படிவத்தைக் கடற்படிவமாக்க முன்பகுதியைத் தாழ்த்தி விமானியின் பார்வையைத் திருத்தினர்; சக்கரக்கால்களையும் அவை பொருந்தும் சட்டத்தையும் வலுப்படுத்தினர்; கொக்கி பொருத்தினர். முதல் மாதிரி 2012 ஏப்ரல் 27ஆம் நாள் பறந்தது. 2014 டிசம்பர் 20ஆம் நாள் கோவாவில் கரையில் அமைத்த சோதனைத் தளத்தின் வளைமேட்டிலிருந்து எழுந்தது.

ஆயின் 2016 டிசம்பரில் அன்றைய கடற்படைத் தலைவர் அட்மிரல் சுனில் லாம்பா, இன்றுள்ள வடிவில் இவ்விமானம் கப்பலில் பணியாற்றுவதற்கு எடை மிகுந்தது என வெளிப்படையாகவே அறிவித்தார். முன்னே நாம் கண்ட எடைச் சுழல் இதுவே. தரைக்கென எண்ணிய உடலில் கடலுக்கென வலுவைப் பின்னர்ச் சேர்க்கும்போது, சேர்த்த ஒவ்வொரு கிலோவும் எரிபொருளிலிருந்தும் படைக்கலத்திலிருந்தும் கழிகிறது. ஒற்றை எந்திரத்தின் விசை அதனை ஈடுசெய்யப் போதவில்லை.

பணி அத்துடன் நின்றுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பணிக்குக் கொள்ளப்படாத அவ்விமானத்தையே ஆய்வுக்களமாக வைத்து அறிஞர்கள் தொடர்ந்தனர். 2019 செப்டம்பர் 13ஆம் நாள் கோவாவில் அது வடம் பற்றி நின்றது. 2020 சனவரி 11ஆம் நாள் கொமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் அதனை ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவின் தளத்தில் இறக்கினார். மறுநாள் அங்கிருந்தே எழுந்தது. 2023 பிப்ரவரி 6ஆம் நாள் புதிய விக்ராந்திலும் இறங்கியது. நாம் ஆக்கிய சக்கரக்காலும் கொக்கியும் சட்டமும் உண்மையான கப்பல்தளத்தில் எவ்வளவு சுமை ஏற்றன என்னும் அளவுகள் நமக்குக் கிட்டின. கணித்த சுமைக்கும் நேர்ந்த சுமைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவரே அடுத்த விமானத்தில் எங்கே எடையைக் குறைக்கலாம் எனத் துணிய இயலும்.

அவ்வறிவைக் கொண்டு, தொடக்கத்திலேயே கடலுக்கென இரட்டை எந்திர விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. இடைக்காலத் தேவைக்கு, 2025 ஏப்ரல் 28ஆம் நாள் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்குப் பிரான்சு நாட்டுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. புதுச்சேரியில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச்சுவை உண்டு. அலிசேயின் நாட்டிலிருந்தே மீண்டும் ஒரு கடல் விமானம் வருகிறது. ரஃபேல் விமானத்தின் தரைப்படிவமும் கடற்படிவமும் ஒருங்கே எண்ணி வடிவமைக்கப்பட்டவை. ஆகவே அங்கே வலுச்சேர்ப்பு பிற்சேர்க்கையாகவில்லை. பாடம் ஒன்றே: கடல் விமானம், தரை விமானத்திற்குப் போட்ட ஒட்டு அன்று, கருவிலேயே அது கடல் விமானமாக இருத்தல் வேண்டும்.

நம் கரையில் நிகழும் ஆய்வு

இத்தகைய ஆய்வு பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மட்டும் உரியதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததால் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அரிமான ஆய்வில் நாட்டின் முன்னணி நிலையங்களுள் ஒன்று. அதன் மண்டபம் நிலையத்தில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் ஆண்டுக்கணக்கில் வைத்து, இழந்த எடையை அளக்கின்றனர். பரபரப்பான பணியன்று, பொறுமையே அதன் முதல் தகுதி. ஆயினும் எந்தப் பூச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை உப்பே சொல்லவேண்டும்; கணிப்பொறி மட்டும் சொல்லிவிட முடியாது.

காலாப்பட்டிலும் அதனை அடுத்த பிள்ளைச்சாவடியிலும் கடலுக்கு மிக அருகில் இரு பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன. அவற்றின் மாணவர்க்கு உப்புக்காற்று இலவசமாகக் கிடைக்கும் ஆய்வுக்கூடம். பல்வேறு பூச்சிட்ட தகடுகளைக் கரையிலும் கரையிலிருந்து உள்ளே தள்ளியும் வைத்து ஈராண்டு அளந்து வந்தாலே, அது நாட்டுக்குப் பயன்தரும் செய்தியாகும். ஃபைபர் படகு பழுதுபார்க்கும் மீனவரிடம் ஒரு வாரம் உடனிருந்தால், அடுக்கு பிரிதல் என்னும் பாடம் புத்தகத்தைவிடத் தெளிவாக விளங்கும்.

முடிவுரை

கடல்மேல் பறக்கும் கலத்தின் கதை, மிகுந்த வலிமையின் கதையன்று; அளவறிந்த வலிமையின் கதை. மோதலை ஏற்றுத் தணித்தல், உப்புக்கு இரையாகாப் பொருளைத் தேர்தல், ஒவ்வாத பொருள்களை அறிந்து இணைத்தல், தேவையற்ற எடையை ஒவ்வொரு கிராமாக நீக்குதல் ஆகிய நான்குமே அதன் அடிப்படைகள் என்பதைக் கண்டோம். இவற்றுள் ஒன்று தவறினும், அதற்கான விலையைத் தருபவர் ஆய்வுக்கூடத்தில் இருப்பவரல்லர். இருண்ட இரவில், அசையும் தளத்தை நோக்கி, ஒரு கொக்கியை நம்பி வரும் விமானியே.

தமிழ்த்துறை மலரில் இச்செய்திகளுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். கலம், நாவாய், வங்கம், தோணி, சலங்கு எனக் கலங்களுக்குப் பெயர் வைத்த மொழி இது. பெயர் வைத்தோர் அவற்றைக் கட்டவும் ஓட்டவும் அறிந்திருந்தனர். அரிமானம், அயர்ச்சி, கூட்டுப்பொருள் என்னும் சொற்கள் அகராதியில் மட்டும் உறங்காமல், படகு கட்டுவோர் வாயிலும் பொறியியல் மாணவர் ஏட்டிலும் ஒருங்கே வழங்கவேண்டும். அப்போதுதான் கரையில் உள்ளோர் கண்ட அறிவு ஆய்வுக்கூடத்தை எட்டும். ஆய்வுக்கூடம் கண்ட அறிவு கரைக்குத் திரும்பும். அப்பாலத்தைக் கட்டும் பணியில் அறிவியல் மாணவர்க்கும் தமிழ் மாணவர்க்கும் சமபங்கு உண்டு.